எட்டு கிலோ விரால்: தூண்டில்காரர் பேச்சு பொய்யா?

#1 மதுராந்தகத்தான்

அனைவருக்கும் வணக்கம். தூண்டில் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் மனதில் கிடப்பதை இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

அப்பா காலமாகி மூன்று வாரம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியெல்லாம் எடுத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1994இல் எங்கள் ஊர் ஏரியில் அவர் பிடித்த விரால் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ‘எட்டு கிலோ விரால்’தான். என் மச்சான் சட்டென்று, “விராலாவது, எட்டு கிலோவாவது? மாமா கடைசி வரைக்கும் ரீல் விட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டார்” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அப்பாவின் பேச்சே தூண்டில் பேச்சுதான். பொடி மீன் இரையைக் கொறித்தால் “அரிக்குது”. தக்கை சாய்ந்தால் “படுத்துக்கிச்சு, இரு இரு”. முழுசாக உள்ளே போனால் “முங்கிடுச்சு, தூக்கு”. மீன் தப்பினால் “பிச்சிக்கிட்டுப் போச்சு”. அளவுக்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு: விரல், உள்ளங்கை, முழங்கை, தொடை. ஜிலேபி மீனுக்குத் தனி வரிசை: உள்ளங்கை, தட்டு, முறம். முறம் அகலத்தில் ஒரு ஜிலேபியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முறம் என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் மீன் உண்டு என்று அர்த்தம்.

இப்படிப் பேசுவது பொய்யா? உங்கள் பக்கம் எப்படி?

#2 கரையோரம்

தம்பி, அப்பா ஆத்மா சாந்தி அடையட்டும். நாற்பது வருஷமாக ஏரிக்கரையில் உட்காருகிறவன் சொல்கிறேன், இதைப் பொய் என்று மனதில் ஏற்றிக்கொள்ளாதே.

‘முழங்கை’, ‘தொடை’ என்பதெல்லாம் அளவு இல்லை, தரம். கரையில் ஒருத்தர் “தொடை தண்டி மாட்டுச்சு” என்றால், பக்கத்தில் இருப்பவர் யாரும் தொடையை நினைத்துப் பார்ப்பதில்லை. நல்ல மீன், கூடை வேண்டும், வந்து பார் என்று கேட்டுக்கொள்வார்கள். சொல்கிறவருக்கும் அது தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? கரைக்கு வராத ஒருவர் அந்தப் பேச்சைத் திண்ணையில் கேட்டு, அப்படியே தராசில் வைக்கும்போதுதான் அது ‘ரீல்’ ஆகிறது.

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. விட்ட மீனுக்கு வாய்க்கு வந்த அளவைச் சொல்லலாம், யாரும் கேட்க மாட்டோம். பிடித்த மீனுக்கு அப்படிச் சொன்னால் “எங்கே, சாக்கைத் திற” என்போம். உன் அப்பா பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதனால் கேட்கிறேன், கொண்டுவந்த அன்றைக்கு என்ன சொன்னார்?

#3 தவளை_லூர்

ஆழ்ந்த இரங்கல் ப்ரோ. நான் லூர், அதாவது செயற்கை இரை, போடுகிறவன், ஆறு வருஷம்தான் ஆகிறது. எங்கள் செட்டில் வார்த்தைகள் மாறிவிட்டன, பேச்சு மாறவில்லை. உங்கள் அப்பாவுக்குத் தக்கை முங்கியது. எங்களுக்கு ‘டிராக் அலறும்’, அதாவது மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக் சத்தம் போடும். தக்கையே கிடையாது, பிரெய்டு நூலும் ரப்பர் தவளையும்தான். விரால் தவளையை அடிக்கும் சத்தத்துக்கு எங்களில் ஒரு பையன் வைத்த பெயர் ‘தேங்காய்’. குளத்தில் தேங்காய் விழுந்த மாதிரி ‘தொபுக்’ என்று கேட்கும். இப்போது எங்களில் யாரும் ‘ஸ்ட்ரைக்’ என்று சொல்வதில்லை, “ரெண்டு தேங்காய் விழுந்தது, ஒண்ணும் மாட்டல” என்றுதான் குரூப்பில் போடுவோம்.

போன மாதம் எனக்கு 20 பவுண்டு லைன் அறுந்தது. அப்படியென்றால் அந்த மீன் 9 கிலோவாவது இருந்திருக்க வேண்டும் இல்லையா? நான் எல்லோரிடமும் 9 என்றுதான் சொன்னேன், அது மிகை இல்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

#4 அளவுகோல்

தம்பி தவளை, நீங்கள் நம்பிச் சொல்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு சரியில்லை. நம் மிகைப்பேச்சில் பாதி இப்படித்தான் பிறக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

லைனில் எழுதியிருக்கும் எண், முடிச்சு இல்லாத புது லைன் தாங்கும் இழுவை. அது மீனின் எடை அல்ல. முடிச்சுப் போட்ட இடத்தில் அந்த வலிமை குறைந்துவிடும். கல்லில் உரசியிருந்தால் இன்னும் குறையும். அப்புறம், நின்ற இடத்தில் சட்டென்று திமிறும் 3 கிலோ மீன் ஒரு நொடிக்குத் தன் எடையைவிட அதிகமாக இழுக்கும். டிராக்கை இறுக்கி வைத்திருந்தால் அந்த நொடியில் அறுந்துவிடும். லைன் வலிமையில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குக்கு டிராக் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து கண். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. மேலேயிருந்து பார்க்கும்போது மீன் இருக்கும் ஆழத்தைவிட மேலே வந்து நிற்பது போலத் தெரியும், கிட்டத்தில் தெரிவதால் பெரிதாகவும் தோன்றும். தண்ணீருக்குள் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவருக்கு எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். விட்ட மீனை நாம் தண்ணீருக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அது பெரிதாக நினைவில் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

மூன்றாவது, எடை. ஒரே சாயலுள்ள மீனில் நீளம் கால் பங்கு கூடினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நீளத்தைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தவறலாம், எடையில் அது மடங்காக வந்து நிற்கும்.

மதுராந்தகத்தாருக்கு: நம் ஏரி விரால் மிஞ்சிப்போனால் 1 மீட்டர் வரை வளரும் என்று பதிவு உண்டு, வழக்கமாகக் கிடைப்பது அதைவிட மிகவும் சிறியது. 8 கிலோ என்றால் அந்த உச்சத்தை ஒட்டிய மீன் வேண்டும். எடையை விடுங்கள். நீளம் என்ன என்று அப்பா எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

#5 மதுராந்தகத்தான்

சொல்லியிருக்கிறார் ஐயா. “மூணு சாண்.” ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைக்கிறது, எடை மட்டும்தான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்திருக்கிறது.

அவருடைய மூங்கில் கம்பு ஊரில் பரணில் இருக்கிறது. பெரிய மீன் கிடைத்தால் அடிப்பக்கத்திலிருந்து மீனை வைத்து, வால் முடியும் இடத்தில் பேனாக்கத்தியால் ஒரு கீறல் போடுவார். இந்த வாரக் கடைசியில் போகிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

#6 கடலோரத்தாள்

நான் கன்னியாகுமரி மாவட்டம். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். உங்கள் எல்லோருடைய பேச்சும் எனக்குப் புதிதாக இருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

வள்ளம் நிறைய மீனோடு வந்தாலும் “என்ன கெடச்சு?” என்று யாராவது கேட்டால் அப்பாவின் பதில் “ஒண்ணும் பெருசா இல்ல, கறிக்கு உண்டு.” கண்படும் என்ற பயம் பாதி. இடம் தெரிந்துவிடும் என்ற பயம் மீதி. எங்கள் ஆட்களுக்குக் கடலுக்குள் இருக்கும் பார்கள், அதாவது மீன் கூடும் பாறைத் திட்டுகள், சொத்து மாதிரி. கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடு ஒன்று நேர்பிடித்து, இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளத்தை நேர்பிடித்து, அந்த இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டுபிடிப்பார்கள். கணிச்சம் என்போம். பெரிய களவா மீன் கிடைத்தது என்று வாய்விட்டுச் சொன்னால் நாளைக்கே நாலு வள்ளம் பின்னால் வரும்.

எடையும் ஏலத்தில்தான் பேசும். நாம் கூட்டிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏலக்காரர் கண்ணாலேயே அளந்துவிடுவார்.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கொண்டுவருவது மீன் பிடித்த கதையைத்தான். மீனை விற்கப் போவதில்லை, பாதிப் பேர் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் கதையை வளர்ப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. உங்கள் அப்பா அந்த மீனை என்ன செய்தார், அண்ணா?

#7 மதுராந்தகத்தான்

வீட்டுக்குக் கொண்டுவந்தார் அக்கா. அம்மாதான் ஆய்ந்தார். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, வழுக்கும் மீனைக் கல்லில் தேய்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலையைத் தனியாகக் குழம்பு வைத்தார்.

#8 குஞ்சுக்காவல்

எல்லோரும் மிகைப்பேச்சுக்கு நல்ல பெயர் கொடுத்துக்கொண்டே போகிறீர்கள். நான் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளம். இரண்டு வருஷம் முன்பு ஒருவர் அங்கே பிடித்த விராலைக் கேமராவை நோக்கிக் கை நீட்டிப் பிடித்து, ‘ராட்சசன், 7 கிலோ’ என்று படம் போட்டார். கையை நீட்டினால் மீன் லென்ஸுக்குப் பக்கத்தில் வரும், உடம்பு பின்னால் போய்விடும். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன், அந்த மீன் 2 கிலோ இருந்தால் அதிகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பைக். மழை முடிந்த நேரம் அது, விரால் குஞ்சு பொரித்திருந்தது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விரால் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் செம்மண்ணைக் கரைத்துவிட்டது போல இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒரே உருண்டையாக மேலே வரும், மூச்சு வாங்கும், உள்ளே போகும். அதற்கு அடியிலேயே தாயும் தகப்பனும் நிற்கும். அந்த நேரத்தில் அதற்குப் பசி இல்லை, ஆனாலும் குஞ்சுக்கு மேலே தவளை லூரை இழுத்தால் ஆத்திரத்தில் அடிக்கும். அதைத்தான் ‘ஈஸி தேங்காய்’ என்று பெருமையாகப் போட்டார்கள். தாயையும் தகப்பனையும் பிடித்துக்கொண்டு போன பிறகு நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலத்துக்குள் கெளுத்தியும் நீர்க்காகமும் அந்தச் சிவப்பு உருண்டையைத் தின்று முடித்துவிட்டன.

ஆகவே ‘7 கிலோ’ வெறும் பேச்சு இல்லை. அந்த எண்ணை நம்பித்தான் பதினைந்து பேர் வந்தார்கள். அம்மா அப்பா காலத்தில் கரையோடு கரைந்துபோன பேச்சு இன்று படத்தோடு ஊர் சுற்றுகிறது. தயவுசெய்து எடையைச் சரியாகப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள், குஞ்சுக்கு மேல் எறியாதீர்கள்.

#9 தவளை_லூர்

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் குஞ்சுக்கு மேல் எறிந்திருக்கிறேன், இரண்டு தடவை. அது தப்பு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இனி எறிய மாட்டேன், எங்கள் குரூப்பிலும் இதை அப்படியே போடுகிறேன். என்னுடைய 9 கிலோ கதையையும் திருத்திவிடுகிறேன்.

#10 பரிசல்துறை

குஞ்சுக்காவல் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் பதிவு செய்ய வேண்டும்.

நான் ஒகேனக்கல் பக்கம். தாத்தா பரிசல் ஓட்டியவர். “ஆள் கனம் கெண்டை” என்று சொல்வார். காவேரியில், இந்தப் பாறைகளுக்கு நடுவில், மனிதன் எடை இருக்கும் மீன் என்பார். ஒரு செதில் உள்ளங்கையை மூடும் என்பார். நாங்கள் பேரப்பிள்ளைகள் யாரும் நம்பவில்லை. நாங்கள் பார்த்த கெண்டை எல்லாம் 2 கிலோ, 3 கிலோ. தாத்தா கதை விடுகிறார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறோம்.

பிறகுதான் படித்தேன். 1946இல் காவேரியின் துணையாறான கபினியில், மைசூர்க்காரரான வான் இங்கன் மஹ்சீர் என்ற பெரிய கெண்டை வகை மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். எடை 120 பவுண்டு. 54 கிலோ! எடை போட்டுப் பதிவான மீன் அது. தாத்தா சொன்ன ‘ஆள் கனம்’ சொல்லுக்குச் சொல் உண்மை. இன்று காவேரியின் அந்தத் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018இல் அதை ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலில் சேர்த்தார்கள்.

பெரியவர்கள் சொல்லும் அளவு நமக்குப் பொய்யாகத் தெரிவதற்கு, அவர்கள் கூட்டிச் சொன்னது மட்டும் காரணம் இல்லை. மீன் சிறுத்துவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்டதையே முழு அளவு என்று நினைத்துக்கொள்கிறது. தாத்தாவின் பேச்சை நாங்கள் அன்றைக்கே எழுதி வைத்திருந்தால் இந்த ஆற்றில் என்ன இருந்தது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. கேலி செய்து விட்டுவிட்டோம். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

#11 அளவுகோல்

பரிசல்துறை, அருமையான பதிவு. எழுதி வைத்தல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தூண்டில் மீன் சாதனைகளைப் பதியும் ஐஜிஎஃப்ஏ அமைப்பு 1939இல் தொடங்கியது. படகில் போட்ட எடையை அவர்கள் ஏற்பதில்லை, கரையில்தான் எடை போட வேண்டும். அலையில் தராசு முள் ஆடும் என்பதுதான் காரணம். அவ்வளவு கறாராக இருக்கும் உலகத்திலும் தகராறு ஓயவில்லை. 1957இல் அமெரிக்காவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பிடித்ததாகச் சொன்ன 69 பவுண்டு மஸ்கி மீன் ஒன்று பல வருஷம் சாதனையாக இருந்தது, பழைய புகைப்படங்களை அளந்து பார்த்து 1992இல் நீக்கினார்கள். 2022இல் ஈரி ஏரியில் நடந்த போட்டியில் மீன் வயிற்றுக்குள் ஈயக்குண்டு கிடைத்தது, வழக்கே நடந்தது. அது மிகைப்பேச்சு இல்லை, திருட்டு. இரண்டையும் ஒரே ‘ரீல்’ என்ற வார்த்தையில் அடைப்பதுதான் மதுராந்தகத்தாரின் மச்சான் செய்த தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

#12 கல்லடிப்பாலம்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஆக்கள் கல்லடிப் பாலத்தில் நின்று இரவிரவாகத் தூண்டில் போடுவாங்க. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். தூண்டில் நூலை நீங்கள் தங்கூஸ் என்கிறதை நாங்கள் தங்கூசி என்போம், ரீல் இல்லாமல் தங்கூசியைக் கையிலேயே சுற்றி வைத்துக்கொண்டு போடுகிற ஆக்கள்தான் கூட.

வெளியூர் ஆக்களிடம் “இந்த வாவியில மீன் பாடும்” என்று சொன்னால் பெரிய கொடுவா மீன் பிடித்த கதை மாதிரித்தான் பார்ப்பாங்க. முழுநிலவு நாளில் தோணியை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொல்லுவோம். தம்புரா நரம்பைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். 1950களில் இங்கிருந்த இயேசு சபைப் பாதிரிமார் அதைப் பதிவு செய்தார்கள், மறுகா வானொலியிலும் போனது.

பரிசல்துறை சொன்னதற்குத்தான் இதை எழுதினேன். நம்பாத ஆக்களுக்குத் துடுப்பைக் கையில் கொடுத்தால் போதும். மதுராந்தகத்தான் அண்ணன், உங்களிடம் அந்தக் கம்பு இருக்கு. பாருங்கோ.

#13 கரையோரம்

தம்பி, கம்பைப் பார்க்கும்போது மீனின் சுற்றளவு தெரியுமா என்று அம்மாவையும் கேட்டு வா. நீளமும் சுற்றளவும் இருந்தால் அளவுகோல் கணக்குப் போட்டுக் கொடுப்பார்.

#14 அளவுகோல்

ஆமாம். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை பவுண்டில் வரும். விரால் உருளை உடம்பு என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

#15 மதுராந்தகத்தான்

ஊருக்குப் போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பு பரணில் பழைய பாய்க்கு அடியில் இருந்தது. கைபிடித்த இடம் மட்டும் எண்ணெய் வைத்த மாதிரி கறுத்துப் பளபளப்பாக இருந்தது. அடியிலிருந்து மொத்தம் பதினோரு கீறல். பத்து கீறலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, ஒன்றரை இரண்டு சாணுக்குள். பதினோராவது மட்டும் தனியாக, தள்ளி. டேப் வைத்துப் பார்த்தேன். 26.75 அங்குலம். மூன்று சாண் என்பது 27. கால் அங்குலம்தான் கூட்டியிருக்கிறார்.

அம்மாவிடம் மீனின் பருமன் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையையும் வளைத்து, கட்டை விரல் நுனிகளையும் நடுவிரல் நுனிகளையும் ஒட்டிக் காட்டினார். “கழுத்துக்குக் கீழ இப்படிப் பிடிச்சேன், சரியா இருந்துச்சு. சாம்பல்ல வழுக்கி ஒருதரம் கீழயும் போட்டேன்” என்றார். கை அப்படியே இருக்கச் சொல்லி நூலைச் சுற்றி அளந்தேன். 13.5 அங்குலம். அம்மாவின் விரல்கள் இந்த முப்பது வருஷத்தில் கொஞ்சம் வளைந்துவிட்டன, அதனால் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

அப்பாவுக்குத் ‘தொடை தண்டி’ என்று நினைவு. என் காலை அளந்து பார்த்தேன், 13.5 என்பது தொடை இல்லை, கெண்டைக்கால். காலின் அந்த இடத்துக்கு மீனின் பெயரையே வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

ஐயா சொன்ன கணக்கைப் போட்டேன். 6 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. 2.76 கிலோ.

கரையோரம் ஐயா முதலில் கேட்ட கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். கொண்டுவந்த அன்றைக்கு அப்பா என்ன சொன்னார்? “மூணு கிலோ இருக்கும்னு சொன்னார். தராசு இருந்தா போட்டுப் பாத்திருப்பார், யார்கிட்ட இருந்துச்சு?” என்றார்.

அப்படியென்றால் எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீதான் சொன்னே. மறுநாள் பள்ளிக்கூடத்துல போய் எங்கப்பா எட்டு கிலோ விரால் பிடிச்சார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தே. வாத்தியார் ரோட்டுல பாத்து அப்பாகிட்ட கேட்டாராம், எட்டு கிலோவாமே, பையன் சொன்னானேன்னு. உன்னைப் பொய் சொன்னவனா ஆக்க மனசு வரல அவருக்கு. ஆமா சார்னுட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் எட்டுதான்.”

கம்பை என்னோடு எடுத்து வந்துவிட்டேன், ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார், கூப்பிட்டிருக்கிறேன்.